ஐரோப்பியத் தேர்தலில் ஐரோப்பியக் கட்சி எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்வி: 2024 மே 19

ஜூனில் நடக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கான கணிப்புகளில் "ஐரோப்பிய மக்கள் கட்சி முதலிடம்" என்று போடுகிறார்கள். ஜெர்மனியில் இருக்கும் என் நண்பனிடம் கேட்டால், அப்படி ஒரு கட்சியைத் தன் ஊரில் பார்த்ததே இல்லை என்கிறான். கண்ணில் படாத கட்சி எப்படி முதலிடத்துக்கு வரும்? இந்த எல்லை தாண்டிய கட்சிகள் எல்லாம் வெறும் பெயர்ப்பலகை, தேர்தலில் அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை என்பது என் வாதம். அங்கே இருக்கும் அக்கா, அண்ணன்மார் யாராவது மறுப்பதாக இருந்தால் மறுக்கலாம்.

2024 மே 19, இரவு

மறுக்கிறேன், பாதியை மட்டும்.

நண்பர் சொன்னது சரி. ஐரோப்பிய மக்கள் கட்சி 1976இல் தொடங்கியது, ஆனால் அது கட்சிகளின் கட்சி. ஜெர்மனியில் அதற்கு இரண்டு உறுப்பினர்கள்: பவேரியாவில் சிஎஸ்யு, மற்ற மாநிலங்களில் சிடியு. போலந்தில் டொனால்ட் டஸ்க்கின் கட்சி. நான் இருக்கும் நெதர்லாந்தில் சிடிஏ. வாக்காளர் பார்ப்பது இந்த உள்ளூர்ப் பெயர்களைத்தான்.

ஆனால் வோல்ட் என்று ஒன்று உண்டு, தம்பி. 2017 மார்ச் 29, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் கடிதத்தைப் பிரிட்டன் கொடுத்த அதே நாளில், ஓர் இத்தாலியரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் ஒரு ஜெர்மானியரும் சேர்ந்து தொடங்கினார்கள். எல்லா நாட்டிலும் ஒரே பெயர், ஒரே ஊதா நிறம், ஐரோப்பியத் தேர்தலுக்கு ஒரே அறிக்கை. நான் வசிக்கும் ஐந்தோவன் நகரில் நகராட்சி நட்டு வைத்திருக்கும் பெரிய சுவரொட்டிப் பலகையில் அந்த ஊதாவைத் தினமும் சைக்கிளில் கடந்து போகிறேன். மக்கள் கட்சியைப் போல அதுவும் பதிவு பெற்ற ஐரோப்பியக் கட்சிதான். ஆகவே உங்கள் வாதம் பாதி அவுட்.

இன்னொன்று. மார்ச்சில்தான் குடியுரிமை கிடைத்தது. 2022 நகராட்சித் தேர்தலில் இந்தியப் பாஸ்போர்ட்டோடே வாக்களித்தேன் (ஐந்தாண்டு தொடர்ந்து வசித்தால் இங்கே அதற்கு உரிமை உண்டு). ஐரோப்பியத் தேர்தல் இதுதான் முதல் முறை. அதனால் கொஞ்சம் ஆர்வக்கோளாறு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 மே 20

நேற்று அவசரத்தில் ஒரு தப்பு எழுதிவிட்டேன். வோல்ட் பதிவு பெற்ற ஐரோப்பியக் கட்சி அல்ல. பெல்ஜியத்தில் சங்கமாகப் பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

காரணம் வேடிக்கையானது. "ஐரோப்பிய அரசியல் கட்சி" என்ற பதிவு வேண்டுமானால் உறுப்பு நாடுகளில் கால்வாசியில், அதாவது ஏழு நாடுகளில், ஐரோப்பிய, தேசிய அல்லது மாநில மன்றங்களில் உறுப்பினர்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கடந்த ஐரோப்பியத் தேர்தலில் ஏழு நாடுகளில் 3 சதவீத வாக்காவது வாங்கியிருக்க வேண்டும். வோல்ட் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. ஆக, 27 நாட்டிலும் ஒரே கட்சியாக இருக்க நினைப்பது சட்டத்தின் கண்ணில் ஐரோப்பியக் கட்சி இல்லை. நாட்டுக்கு நாடு வேறு பெயரில் உலாவும் கூட்டமைப்புதான் ஐரோப்பியக் கட்சி!

பதிவு இல்லையென்றால் பணமும் இல்லை. ஐரோப்பியக் கட்சிகளுக்கு ஒதுக்கும் தொகையில் 10 சதவீதத்தைச் சமமாகப் பிரிக்கிறார்கள், மீதி 90 சதவீதம் ஐரோப்பிய உறுப்பினர்களின் எண்ணிக்கைப்படி போகிறது. இருக்கிறவனுக்கே இன்னும் கிடைக்கும் கணக்கு.

2024 மே 23

இன்று ஒரு செய்தி. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் "அடையாளமும் ஜனநாயகமும்" என்ற வலதுசாரிக் குழுவிலிருந்து ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஏஎஃப்டி பட்டியலின் முதல் வேட்பாளர் மாக்சிமிலியன் கிரா, ஹிட்லரின் எஸ்எஸ் படையினர் எல்லோரையும் குற்றவாளி என்று சொல்ல முடியாது என்கிற மாதிரி பேட்டி கொடுத்தார். அதே குழுவில் இருந்த பிரெஞ்சுக் கட்சியின் தலைவி மரீன் லெ பென் கையை உதறிவிட்டார். ஏஎஃப்டி வாக்குச்சீட்டிலிருந்து போகவில்லை, பிரசாரமும் நிற்கவில்லை. போனது நாடாளுமன்ற இருக்கை வரிசையிலிருந்துதான்.

இதைப் படிக்கும்போதுதான் நானே கட்சியையும் குழுவையும் குழப்பிக்கொண்டிருப்பது புரிந்தது. கட்சி வெளியே இருப்பது. குழு நாடாளுமன்றத்துக்குள் இருப்பது, அதற்கு 23 உறுப்பினர்களும் ஏழு நாடுகளும் வேண்டும். பேசும் நேரம், கமிட்டிப் பதவி, அலுவலகப் பணம் எல்லாம் குழுவுக்குத்தான். தொலைக்காட்சியில் "முதலிடம்" என்று காட்டும் வண்ணப் பட்டைகளும் குழுக்களின் கணக்கே.

2024 மே 26

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரு நாட்டுத் தலைவர் இன்னொரு நாட்டில் நிற்கலாமா? நிற்கலாம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் தான் வசிக்கும் நாட்டில் வாக்களிக்கலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். பசுமைக் கட்சிக்காரர் டேனியல் கோன்-பெண்டிட் 1994இல் ஜெர்மனியிலிருந்து, 1999இல் பிரான்ஸிலிருந்து, 2004இல் மறுபடி ஜெர்மனியிலிருந்து, 2009இல் மறுபடி பிரான்ஸிலிருந்து போனார். டென்னிஸ் பந்து மாதிரி.

யானிஸ் வாரூஃபாகிஸ் கதை சோகம். கிரீஸின் முன்னாள் நிதியமைச்சர். 2016 பிப்ரவரியில் பெர்லினில் ஒரு நாடக அரங்கில் டியெம்25 இயக்கத்தைத் தொடங்கினார். 2019இல் ஜெர்மனியில் பட்டியலின் தலையில் நின்றார், கிடைத்தது 0.3 சதவீதம். அதே நாளில் கிரீஸில் அவர் கட்சிக்கு 2.99 சதவீதம். அங்கே இடம் கிடைக்க வேண்டிய குறைந்தபட்ச வாக்கு, அதாவது வாசல், 3 சதவீதம்! ஆறு வாரம் கழித்து கிரீஸின் தேசியத் தேர்தலில் அதே கட்சி 9 இடங்களோடு உள்ளே போனது. ஐரோப்பாவை மாற்றப் புறப்பட்டவருக்கு ஏதென்ஸில்தான் கதவு திறந்தது.

2024 ஜூன் 6, மாலை

போட்டுவிட்டேன்.

வாக்குச்சீட்டைப் பிரித்தால் மேசைக்கு வெளியே தொங்குகிறது. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பத்தி, பத்தி முழுக்க வேட்பாளர் பெயர்கள், பெயருக்குப் பக்கத்தில் வெள்ளை வட்டம். சாவடியில் வைத்திருக்கும் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டத்தை நிரப்ப வேண்டும். அதைத் திரும்ப மடிப்பதுதான் பெரும்பாடு. பட்டுப்புடவையைக்கூட இதைவிடச் சுலபமாக மடித்துவிடலாம்.

பதின்மூன்று வயது மகள் கூட வந்தாள். சாவடியில் ஒட்டியிருந்த மாதிரித் தாளை மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டு, "இது ஐரோப்பாவுக்கான தேர்தல்தானேம்மா, ஏன் எல்லாம் நம்ம ஊர்க் கட்சியாவே இருக்கு?" என்றாள். இந்த இழையை அவள் படித்ததில்லை. பின்னால் நின்ற பெரியவர் ஒருவருக்கு நாங்கள் தமிழில் எதையோ சொல்லிச் சிரிக்கிறோம் என்று பட்டிருக்கும், அவரும் சிரித்தார்.

உண்மையில் ஓர் ஐரோப்பியப் பெயர் அந்தத் தாளில் இருந்தது. பாஸ் ஐக்ஹவுட், ஐரோப்பியப் பசுமைக் கட்சியின் இரண்டு முதன்மை வேட்பாளர்களில் (ஒன்றியத்தின் நிர்வாகமான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் பதவிக்குக் கட்சி முன்னிறுத்துபவர்களில்) ஒருவர். இங்கே அவர் க்ரூன்லிங்க்ஸ் (பசுமை இடது)–தொழிலாளர் கட்சிக் கூட்டுப் பட்டியலின் முதல் ஆள். தாள் அதைச் சொல்லவில்லை. 2018இல் ஒன்றிய நாடுகள் சேர்ந்து எடுத்த ஒரு முடிவு, வாக்குச்சீட்டில் ஐரோப்பியக் கட்சியின் பெயரையோ சின்னத்தையோ போட நாடுகள் அனுமதிக்கலாம் என்கிறது. அந்த முடிவு எல்லா நாடுகளின் ஒப்புதலும் கிடைக்காமல் இன்னும் அந்தரத்தில் நிற்கிறது. உதயசூரியனையும் இரட்டை இலையையும் தேடிப் பழகிய கண்ணுக்கு இது ரொம்ப விசித்திரம்.

யாருக்குப் போட்டேன் என்று கேட்க வேண்டாம்.

2024 ஜூன் 7

நேற்றிரவுக் கருத்துக்கணிப்பு: கூட்டுப் பட்டியலுக்கு 8, தீவிர வலதுசாரி வில்டர்ஸின் சுதந்திரக் கட்சிக்கு 7. அதிகாரபூர்வ முடிவு ஞாயிறு இரவு 11 மணிக்கு முன்னால் வரக் கூடாது, இத்தாலியில் கடைசிச் சாவடி மூடும் வரை காத்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்திலாவது ஐரோப்பா ஒரே தொகுதி மாதிரி நடந்துகொள்கிறது.

2024 ஜூன் 10

திருத்தம்: வில்டர்ஸுக்கு 7 இல்லை, 6.

வோல்ட்டுக்கு எங்கள் 31 இடங்களில் 2, வாக்கு 5.1 சதவீதம். ஜெர்மனியில் 3. மொத்தம் 720இல் ஐந்து பேர். 2019இல் ஒரே ஒருவர் இருந்தார், டாமியன் பூசெலாகர், தொடங்கிய மூவரில் ஒருவர்.

கேள்வி கேட்ட தம்பி உடனே "ஐந்து பேரை வைத்து என்ன செய்ய?" என்று கிளம்பிவிட்டார். கொஞ்சம் இருங்கள், இந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஜெர்மனியில் அவர்கள் வாங்கியது 2.6 சதவீதம். 2019இல் 0.7 சதவீதத்துக்கே ஓர் இடம் கிடைத்தது. அங்கே 96 இடங்கள், குறைந்தபட்ச வாக்கு என்ற தடையும் இல்லை. 5 சதவீதத் தடையை 2011இலும் 3 சதவீதத் தடையை 2014இலும் அரசியல் சாசன நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. மார்ட்டின் சோன்னபோர்ன் என்ற நையாண்டிப் பத்திரிகைக்காரர் தன் கேலிக் கட்சியை வைத்தே 2014இல் உள்ளே போனார்.

இதே 2.6 சதவீதத்தைப் பிரான்ஸில் வாங்கியிருந்தால் பூஜ்யம்தான், அங்கே வாசல் 5 சதவீதம். வாங்குவதற்கு முன்பே இன்னொரு கஷ்டம் உண்டு. பிரான்ஸில் வாக்குச்சீட்டை ஒவ்வொரு பட்டியலும் தன் செலவில் அச்சிட்டுத் தர வேண்டும், 3 சதவீதம் வாங்கினால்தான் அரசு அந்தச் செலவைத் திருப்பித் தரும். காசில்லாத சின்னப் பட்டியல்கள் "எங்கள் சீட்டை வீட்டிலேயே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள்" என்று வாக்காளரிடம் கேட்கின்றன. இத்தாலியில் புதுக் கட்சிக்கு ஐந்து தொகுதிகளிலும் தலா 30,000 கையெழுத்து, மொத்தம் ஒன்றரை லட்சம். வோல்ட்டைத் தொடங்கியவர்களில் ஒருவர் இத்தாலியர், ஆனாலும் 2019இல் அந்தக் கட்சியால் இத்தாலியில் நிற்க முடியவில்லை. மால்டாவிலோ சைப்ரஸிலோ லக்ஸம்பர்க்கிலோ மொத்தமே 6 இடங்கள், சின்னக் கட்சிக்கு அங்கே கால் வைக்க இடமே இல்லை.

ஆக, நடந்தது ஒரு தேர்தல் இல்லை. நான்கு நாளில் 27 தேர்தல்கள், 27 வாசல்கள், வாக்குரிமை வயதுகூட வேறு வேறு. ஜெர்மனியில் இந்த முறை 16 வயதுப் பிள்ளைகள் வாக்களித்தார்கள், என் மகள் 18 வரை காத்திருக்க வேண்டும். ஒரே அறிக்கையோடு பல வாசலில் நின்றாலும் திறந்தது இரண்டுதான். அந்த இரண்டு நாட்டுக்காரர்கள் மட்டும் அதிக ஐரோப்பியர்கள் என்று அர்த்தமில்லை, பூட்டு அங்கே கொஞ்சம் தளர்வு. "மக்கள் இந்தக் கட்சிகளை விரும்பவில்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூன் 28

முடிவு வந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போதுதான் உண்மையான வேடிக்கை.

நெதர்லாந்தில் முதலிடம் வந்த கூட்டுப் பட்டியலின் 8 பேரில் 4 பேர் பசுமைக் குழுவில் உட்காருகிறார்கள், 4 பேர் சோஷலிஸ்டுகள் குழுவில். ஒரே பட்டியல், ஒரே பிரசாரம், இரண்டு வரிசை. மறுபக்கம் விவிடி கட்சியும் டி66 கட்சியும் இங்கே பகையாளிகள், அங்கே ஒரே தாராளவாதக் குழு. மே மாதம் விவிடி வில்டர்ஸோடு ஆட்சி அமைக்க ஒப்புக்கொண்டபோது அந்தக் குழுவின் தலைவர் வலேரி ஹையே கொதித்துப்போய் வெளியேற்றப் போவதாகப் பேசினார். தேர்தல் முடிந்தது, பேச்சு அடங்கியது, விவிடி அங்கேயேதான் இருக்கிறது. புதிதாக வந்த விவசாயிகள் கட்சியின் இருவரும் என்எஸ்சி கட்சியின் ஒருவரும் மக்கள் கட்சிக் குழுவுக்குப் போய்விட்டார்கள். சிடிஏவுக்குப் போட்டியாக இங்கே வாக்கு கேட்டவர்கள் இப்போது சிடிஏவின் பக்கத்து நாற்காலியில்.

வோல்ட் எங்கே உட்காரும் என்று அதன் உறுப்பினர்களே வாக்களித்தார்கள். தாராளவாதிகளா பசுமையா என்று யோசித்து, 2019 போலவே பசுமை. எல்லா நாட்டு உறுப்பினர்களும் சேர்ந்து இதைத் தீர்மானித்தது எனக்குப் பிடித்தது. ஆனால் ஊதாவுக்குப் போட்டவர்களில் பச்சையை விரும்பாதவர்களும் இருப்பார்களே, அவர்களை யார் கேட்டார்கள்?

மே 19 அன்று "பாதி அவுட்" என்று துள்ளினேன் இல்லையா, அதைக் கொஞ்சம் திரும்பப் பெறுகிறேன். எல்லை தாண்டிய கட்சிக்கு வேலை உண்டு. வாக்குச்சாவடி மூடிய பிறகு தொடங்கும் வேலை அது.

2024 ஜூலை 9

நேற்று "ஐரோப்பாவுக்கான தேசபக்தர்கள்" என்ற புதுக் குழு முறையாக அமைந்துவிட்டது. 84 பேர், மூன்றாவது பெரிய குழு. ஜூன் 30 அன்று வியன்னாவில் ஹங்கேரியின் ஓர்பான், செக் குடியரசின் பாபிஷ், ஆஸ்திரியாவின் கிக்கல் மூவரும் அறிவித்தார்கள். பத்து நாளுக்குள் லெ பென்னும் வில்டர்ஸும் சேர்ந்துவிட்டார்கள். வோல்ட் ஏழு வருடமாக ஊர் ஊராகக் கூட்டம் போட்டு ஐந்து பேரைச் சேர்த்தது. எல்லை வேண்டும் என்று சொல்பவர்கள் எல்லை தாண்டிச் சேர ஒன்றரை வாரம் போதுமாக இருந்தது. அவர்களுக்குப் பொது அறிக்கை எழுதும் தலைவலி குறைவு. ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் எதைச் செய்யக் கூடாது என்பதில் உடன்பட்டால் போதும்.

மக்கள் கட்சி வெளியேற்றிய ஆள்தான் ஓர்பான், இப்போது சொந்தக் கடை போட்டுவிட்டார்.

2024 ஜூலை 10

வெளியேற்றவில்லை என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். சரிதான். 2019 மார்ச்சில் அவர் கட்சியை இடைநீக்கம் செய்தார்கள். 2021 மார்ச்சில் அவரே குழுவையும் கட்சியையும் விட்டு விலகினார். தள்ளுவதற்கு முன்னால் இறங்கிவிட்டார்.

2024 ஜூலை 18

உர்சுலா வான் டெர் லேயன் 401 வாக்குகளுடன் மறுபடியும் ஆணையத் தலைவர். மார்ச்சில் புக்கரெஸ்டில் மக்கள் கட்சி மாநாடு அவரை முதன்மை வேட்பாளர் என்று அறிவித்தது. எந்த நாட்டு வாக்குச்சீட்டிலும் அவர் பெயர் இல்லை. இதைத் தவறு என்று சொல்லவும் முடியவில்லை, சரி என்று மகளுக்கு விளக்கவும் முடியவில்லை. 2019இல் இதைவிட மோசம், முதன்மை வேட்பாளர் மன்ஃப்ரெட் வெபரை ஓரம் கட்டிவிட்டு, வேட்பாளராகவே இல்லாத இவரைக் கொண்டுவந்தார்கள்.

2024 செப்டம்பர் 22

கூட வேலை பார்க்கும் பெல்ஜியத் தோழியோடு மதியச் சாப்பாட்டில் இதைப் பேசினேன். அவள் சொன்னது: "நீ 27 நாட்டுக்கு ஒரே கட்சி கேட்கிறாய். எங்கள் ஒரு நாட்டுக்கே ஒரே கட்சி இல்லை." கிட்டத்தட்ட உண்மை. வடக்கே ஃபிளாண்டர்ஸ் பகுதியில் இருப்பவர் டச்சு மொழிக் கட்சிகளுக்குத்தான் வாக்களிக்க முடியும், தெற்கே வலோனியாவில் பிரெஞ்சு மொழிக் கட்சிகள். அவர்களுடைய 22 ஐரோப்பிய இடங்களே 13, 8, 1 என்று டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன் மொழிவாரியாகப் பிரிந்திருக்கின்றன. இரு மொழிச் சோஷலிஸ்டுக் கட்சிகளும் ஐரோப்பிய அளவில் ஒரே குடையின் கீழ்தான். பிரஸ்ஸல்ஸ் இருக்கும் நாட்டின் கதை இது.

இதற்கெல்லாம் மருந்து என்று சொல்லப்படுவது இரண்டாவது வாக்குச்சீட்டு. ஒன்று உங்கள் நாட்டுப் பட்டியலுக்கு, இன்னொன்று ஒன்றியம் முழுவதும் ஒரே தொகுதியாக 28 இடங்களுக்கு. 2022 மே மாதம் நாடாளுமன்றம் 323க்கு 262 என்று இதை ஏற்றது. ஒன்றிய நாடுகளின் அரசுகள் ஏற்க வேண்டும், அங்கே உறங்குகிறது. அதற்கு முன் 2018இல், பிரிட்டன் விட்டுச் செல்லும் இடங்களில் சிலவற்றை இதற்கு ஒதுக்கலாமா என்று வந்தபோது நாடாளுமன்றமே தோற்கடித்தது. பெரிய நாட்டுப் பிரபலங்களே மேலே வருவார்கள் என்ற சின்ன நாடுகளின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 28 பேருக்கான பட்டியலில் பெரிய, நடுத்தர, சின்ன நாட்டு ஆட்களைக் கலந்து வைக்க வேண்டும் என்று விதி எழுதியதே அந்தப் பயத்துக்காகத்தான்.

2025 அக்டோபர் 30

ஒரு வருடம் கழித்து இந்த இழையைத் தூசு தட்டுகிறேன். நேற்று இங்கே தேசியத் தேர்தல். வோல்ட் 2 இடத்திலிருந்து 1க்கு வந்துவிடும் போலிருக்கிறது.

யாருக்குப் போட்டேன் என்று அன்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், 2024 ஜூனில் ஊதாவுக்குத்தான். பெரிய கொள்கைக் காரணம் எதுவும் இல்லை, ரயில்தான் காரணம். அதற்கு முந்தைய டிசம்பரில் நாத்தனார் வீட்டுக்குக் கோலோன் போகும்போது எல்லையில் இணைப்பு வண்டியைத் தவறவிட்டோம். முதல் வண்டி தாமதம், இரண்டாவது வண்டி காத்திருக்கவில்லை. இரண்டு நாட்டு நிறுவனங்களும் மற்றவரைக் கேளுங்கள் என்று மாறி மாறிக் கை காட்டின. பிளாட்பாரத்தில் இரண்டு மணி நேரம் குளிரில். ஐரோப்பா முழுக்க ஒரே ரயில் வலை என்று வோல்ட் அறிக்கையில் படித்ததும் பென்சில் தானாக அங்கே போய்விட்டது.

நேற்று போடவில்லை. வீட்டு வாடகை, வீடு கிடைக்காத பிரச்சினை, இரண்டுதான் மனதில் இருந்தது. வோல்ட்டும் அதைப் பற்றிப் பேசியது, ஆனால் ஆட்சியில் உட்காரக்கூடிய ஒருவருக்குப் போடலாம் என்று தோன்றியது. இத்தனை நாள் உங்களோடு இழுத்துக்கொண்டிருந்த வழக்கில் நானே எனக்கு எதிர்ச்சாட்சி. ஐரோப்பியத் தேர்தலில் ஆட்சி அமைவதில்லை, அதனால் தைரியமாக ஊதாவுக்குப் போட்டேன். அப்படியென்றால் அதை நம்பிப் போட்டேனா, விளையாட்டாகப் போட்டேனா? இன்று காலையிலிருந்து இதுதான் ஓடுகிறது.

கணவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். "வாக்கு இருக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கவலை" என்று சொல்லிவிட்டுத் தோசைக்கல்லைத் தேய்க்கப் போய்விட்டார்.

2025 நவம்பர் 3

முடிவு உறுதி, ஒன்றுதான். தம்பி "2021இல் 3, 2023இல் 2, இப்போது 1, அடுத்தது?" என்று சிரிப்புப் படம் போட்டிருக்கிறார். இது ஹேக் நகரத்துக் கணக்கு, எங்கள் தேசிய நாடாளுமன்றத்தின் கணக்கு. பிரஸ்ஸல்ஸில் எங்களிடமிருந்து போன இருவரும் 2029 வரை இருப்பார்கள். அந்த ஜூனில் என் மகளுக்கு 18 முடிந்திருக்கும், அவள் எந்த வட்டத்தை நிரப்புகிறாள் என்று வந்து சொல்கிறேன், சொன்னால்.